தெறி கழட்டிய உடுப்பு

எமில்டா செத்த செய்தி எனக்குக் கனடாவிலிருந்து வந்தது. நான் வட்டுக்கோட்டையிலிருந்து யாழ்ப்பாணம் வரும் பஸ்ஸில் இருந்தேன். மடியில் ஒரு பை. பைக்குள் அவளுக்கென்று தோய்த்துக் காயவைத்த இரவுச்சட்டையும் ஒரு போத்தல் கஞ்சியும். ஆனைக்கோட்டை தாண்டும்போது கைபேசி கிணுகிணுத்தது. எடுத்துப் பார்த்தால் மெழுகுதிரி, ரோசாப்பூ, நடுவில் எமில்டாவின் முகம். "எமது அன்புச் சகோதரி இறைவனடி சேர்ந்தார்" என்று அவளுடைய அண்ணை பெனடிக்ற் எல்லாருக்கும் அனுப்பியிருந்தார். மிக நெருங்கிய உறவு யார் என்று ஆஸ்பத்திரியில் கேட்டபோது அவள் அண்ணையின் இலக்கத்தைத்தான் கொடுத்திருந்தாள். அவர்களும் முறைப்படி அங்கேதான் அறிவித்தார்கள். அதில் நான் பிழை சொல்ல மாட்டேன்.

அந்தப் படம் எங்கள் தையற்கடை வாசலில் எடுத்தது. அவளுக்குப் பக்கத்தில் நான் நின்றேன். என்னை வெட்டி எடுத்துவிட்டார்கள். வெட்டியதும் ஒழுங்காக இல்லை, அவள் தோளில் என்னுடைய விரல்கள் மட்டும் மிஞ்சிக் கிடந்தன. எமில்டா பார்த்திருந்தால் "வெட்டத் தெரியாததுகளின்ரை கையிலை ஆர் கத்தரிக்கோலைக் குடுத்தது?" என்று கேட்டிருப்பாள். பஸ்ஸுக்குள் இருந்து அதை நினைத்துச் சிரித்தேன். பக்கத்தில் இருந்த மனிசி என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பிறகுதான் அழுகை வந்தது.

அன்று பின்னேரமே பெனடிக்றின் மனைவி றீற்றா எனக்கு அழைப்பு எடுத்தாள். "புவனம் அக்கா, முப்பத்தோராம் நாளுக்கு ஒரு நினைவு மலர் அடிக்கிறம். நீங்கள்தானே கூட இருந்தது. அவவின்ரை பொறுமை, சாந்தம், அதுகளைப் பற்றி நல்லதாய் ஒரு பக்கம் எழுதித் தாங்கோ" என்றாள். எழுதுகிறேன் என்றுதான் சொன்னேன். மலர் இப்போது அச்சாகி வந்துவிட்டது. வழவழத்த தாள். என்னுடைய பக்கம் இருக்க வேண்டிய இடத்தில் மாதா படம் இருக்கிறது. அதனால் குருநகரில் அவளிடம் சட்டை தைத்த உங்களுக்கு இதைத் தனியாக எழுதித் தருகிறேன். அவளுடைய வாயில் அகப்படாதவர்கள் உங்களில் யாரும் இல்லை. நான் பொறுமை, சாந்தம் என்று எழுதியிருந்தால் நீங்களே என்னைக் கல்லால் எறிந்திருப்பீர்கள்.

பொறுமையாம்! கலியாணவீட்டுக்குத் தைத்த சட்டை இறுக்குகிறது என்று ஒருத்தி மறுநாளே கொண்டுவந்து மேசையில் எறிந்தது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். கடை நிறைய ஆட்கள். எமில்டா சட்டையை எடுத்தாள், அளவு நாடாவைப் பிடித்தாள், எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்: "சட்டை சிறுக்கேல்லைத் தங்கச்சி. பந்தியிலை ரெண்டுதரம் இருந்திருக்கிறீர்." அந்தப் பிள்ளை அழுதுகொண்டு போனாள். "ஏனடி இப்பிடிச் சொன்னனி?" என்று கேட்டேன். "பொய்யோ சொன்னனான்?" என்றாள். பிறகு அந்தச் சட்டையின் இரண்டு பக்கத் தையலையும் பிரித்து, உள்ளே மடித்து விட்டிருந்த துணியை இளக்கி, அளவாக்கி அனுப்பிவைத்தாள். ஒருநாள் இறுக்கும் என்று தெரிந்தேதான் எல்லாச் சட்டைக்கும் உள்ளே துணி விட்டுத் தைப்பாள். ஆனால் வாயை மட்டும் ஒருநாளும் இளக்கமாட்டாள்.

என் புருஷன் என்னை விட்டுவிட்டு இன்னொருத்தியோடு போன அந்தக் கிழமை நான் கடையில் குனிந்தபடியே இருந்தேன். வந்தவர்கள் எல்லாரும் "பாவம், பாவம்" என்றார்கள். எமில்டா தன் மெசினை மிதித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒரு குவியல் சட்டையைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். "அழுது முடிஞ்சுதோ? இவ்வளவுக்கும் கொக்கி தைக்கக் கிடக்கு" என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. கொக்கியெல்லாம் கோணல் மாணலாகத் தைத்துவைத்தேன். அவள் அவ்வளவையும் பிரித்து மறுபடி என் மடியிலேயே போட்டாள். அந்தக் கிழமை முழுதும் நான் அவளைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். புருஷனைத் திட்ட நேரம் கிடைக்கவில்லை.

இனி போர்வையின் கதைக்கு வருகிறேன். இதைத்தான் மலரில் போட முடியாமல் போனது.

எமில்டாவின் தாய் பாரிசவாதத்தில் விழுந்து கனகாலம் படுக்கையில் கிடந்தார். பெனடிக்ற் கனடாவிலிருந்து ஒவ்வொரு முறை அழைப்பு எடுக்கும்போதும் "அம்மாவைப் பாத்துக்கொள். அம்மாவுக்குப் பிறகு உன்னை இஞ்சை கூப்பிடுறன்" என்பார். அவள் அதை நம்பினாள். ஊரையே நாக்கில் போட்டு அரைக்கிறவள், அண்ணையின் சொல்லை மட்டும் வேதவாக்காக வைத்திருந்தாள். வந்த சம்பந்தங்களைத் தட்டிவிட்டாள். தாய் கண்மூடிய பிறகு என்னையும் கூட்டிக்கொண்டு கஸ்தூரியார் வீதிக்குப் போய் ஒரு கரும்பச்சைச் சேலை வாங்கினாள். கடைக்காரப் பெடியன் பட்டு, நூல் என்று விரித்துப் போட்டான். இவள் ஒவ்வொன்றையும் கைக்குள் பொத்திக் கசக்கிப் பார்த்து "வேண்டாம்" என்று தள்ளினாள். "கசங்காததாய்த் தாரும் தம்பி. பிளேனிலை கனநேரம் இருக்கோணும். கசங்கிப்போய் இறங்கினால் மச்சாள் சிரிப்பாள்" என்றாள். எனக்குத் தெரிந்து அவள் ஒரு துணிக்கு முன்னால் வெட்கப்பட்டது அன்றைக்கு மட்டும்தான்.

சேலை அலுமாரியில் கிடந்தது. கனடாவிலிருந்து பேச்சு மூச்சில்லை. ஒருநாள் அவளே கேட்டாள். கடையில் வைத்துத்தான் கேட்டாள், கைபேசி மேசையில் இருந்தது, பதில் எனக்கும் கேட்டது. "இந்த வயதிலை வந்து என்ன செய்யப்போறாய்? இஞ்சத்தைக் குளிர் உனக்கு ஒத்துவராது. எலும்புக்குள்ளை போகும்" என்றார் பெனடிக்ற். அவ்வளவுதான். எமில்டா "ஓம் அண்ணை" என்றாள். அவள் வாயிலிருந்து வேறொரு சொல் வரும் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், வரவில்லை.

வருடா வருடம் நத்தார்ப் பண்டிகைக்கு முன் கனடாவிலிருந்து ஒரு பெட்டி வரும். அந்த வருடமும் வந்தது. உள்ளே அவர்கள் போட்டுக் கழித்த உடுப்பு. கம்பளிக் கோட்டு, ஸ்வெற்றர், தடித்த ஜீன்ஸ், பெனடிக்றின் சேட்டுகள். நாய்கூட நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிகிற இந்த வெக்கைக்குக் கம்பளிக் கோட்டு! "எல்லாம் நல்ல உடுப்பு, உங்கை ஏழையளுக்கும் குடுங்கோ" என்று றீற்றா குரல் பதிந்து அனுப்பியிருந்தாள். எமில்டா ஒரு சேட்டை எடுத்து மேசையில் விரித்தாள். முன்பக்கத்தில் பொத்தான் ஓட்டைகள் வரிசையாக இருந்தன. தெறி ஒன்றும் இல்லை. அடுத்த சேட்டிலும் இல்லை. கோட்டிலும் இல்லை. ஜீன்ஸின் சிப்பைக்கூடப் பிரித்து எடுத்திருந்தாள் அந்தப் புண்ணியவதி. தானம் பண்ணுகிற உடுப்பில் தெறியைக் கழட்டி வைத்துக்கொண்டு அனுப்பியிருக்கிறாள்!

நான் வாய்க்கு வந்தபடி பேசினேன். எமில்டா கோட்டை உள்ளும் புறமும் புரட்டிப் பார்த்தாள். "துணி நல்ல துணியடி" என்றாள். பிறகு சொன்னாள்: "எனக்குத்தானே குளிர் ஒத்துவராது. அவைக்குக் குளிராமல் ஒண்டு தைச்சு அனுப்புறன். அண்ணையின்ரை பெட்டைக்குக் கலியாணமும் வருகுது." நான் நக்கலாகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவள் அந்த நேரமே கத்தரிக்கோலை எடுத்துவிட்டாள்.

அது எப்படி உருவானது என்பதை எழுதத்தான் வேண்டும், ஏனென்றால் அதைக் கண்டவள் நான் ஒருத்திதான். எல்லா உடுப்பையும் வெந்நீரில் ஊறவைத்துத் தோய்த்தாள். கம்பளி சுருங்குகிற அளவு முதலே சுருங்கிவிட வேண்டும் என்றாள். காய்ந்ததும் மட்டை ஒன்றை அளவாக வைத்துச் சதுரம் சதுரமாக வெட்டினாள். நிறத்தைப் பார்த்து அடுக்கப்போனேன், கையைத் தட்டிவிட்டாள். அவள் அடுக்கியது பாரத்தைப் பார்த்து. ஒவ்வொரு துண்டையும் கையில் தூக்கிப் பார்த்துக் கம்பளிக்குப் பக்கத்தில் கம்பளி, ஜீன்ஸுக்குப் பக்கத்தில் ஜீன்ஸ், இரண்டுக்கும் நடுவில் இடைத்தரம் என்று வைத்தாள். "தடிப்போடை மெல்லிசை நேரை வைச்சுத் தைச்சால், இழுபடேக்கை மெல்லிசுதான் கிழியும். தடிப்புக்கு ஒண்டும் நடக்காது" என்றாள். பெனடிக்றின் சேட்டுகள் மெல்லிசு. அவற்றை இரண்டு மடிப்பாக்கி நடுவில் வைத்தாள். கால் மெசினில் ஊசி முறிந்துகொண்டே இருந்தது. நான் ஊசி வாங்க ஓடிக்கொண்டே இருந்தேன்.

மேல்பக்கம் முடிந்ததும் பின்னால் பிடிக்க ஒரு துணி வேண்டியிருந்தது. எமில்டா உள்ளே போய் அந்தக் கரும்பச்சைச் சேலையைக் கொண்டுவந்தாள். "விசரோ உனக்கு?" என்று நான் பறிக்கப்போனேன். "சேலையை நடுவாலை வெட்டிப் பக்கம் பக்கமாய்ப் பிடிச்சால் கட்டில் அளவுக்குச் சரியாய் வரும். நான் போகாட்டிலும் அது போகட்டும்" என்றாள். நான் பார்த்துக்கொண்டிருக்கவே மடிப்புக் கலையாத புதுச் சேலையை நடுவால் வெட்டினாள். பிறகு எல்லாவற்றையும் ஒன்றாகப் பிடித்துக் கையால் ஓட்டுத்தையல் போட்டாள். முடிந்தபோது அந்தப் போர்வையை என்னால் தனியே தூக்க முடியவில்லை. ஊரில் இருந்து கனடா போன ஒரு குடும்பம் பெரிய மனது வைத்துக் கொண்டுபோனது.

"தாங்ஸ் மாமி, சோ கியூற்" என்று பெனடிக்றின் மகள் எழுதினாள். அந்த ஒரு வரியை எமில்டா கடைக்கு வந்த எல்லாருக்கும் காட்டினாள். உங்களுக்கும் காட்டியிருப்பாள்.

கலியாணம் முடிந்து அந்தப் பிள்ளை தாய் வீட்டுக்கு வந்திருந்தபோது ஒருநாள் முகம் பார்த்துக் கதைக்க அழைப்பு எடுத்தாள். வீட்டைச் சுற்றிக் காட்டிக்கொண்டே போனவள் பின்கதவடியில் நின்றாள். கதவடியில் ஒரு பெரிய மஞ்சள் நாய் படுத்திருந்தது. அதற்குக் கீழே நான்காக மடித்த போர்வை. ஒரு மூலையை நாய் சப்பிக்கொண்டிருந்தது. நான் எமில்டாவைப் பார்த்தேன்.

"நாயின்ரை பேர் என்ன?" என்று கேட்டாள் எமில்டா.

பிள்ளை பேரைச் சொன்னாள். "மாமி, அதுக்கு உங்கடை பிளாங்கெற் எண்டால் உயிர். அது இல்லாமல் படுக்காது."

"நீங்கள் போர்க்கிறேல்லையோ பிள்ளை? குளிரெல்லே?"

"ஐயோ மாமி, வெளியிலைதான் குளிர். வீட்டுக்குள்ளை எப்பவும் சூடு போட்டிருக்கும். நாங்கள் ரீசேட்டோடைதான் இருக்கிறம். அதைப் போர்த்தால் வேர்த்துப்போம்."

அந்தப் பிள்ளையில் எனக்குக் கோபமில்லை. அது உள்ளதைச் சொன்னது. அழைப்பு முடிந்த பிறகு எமில்டா கைபேசியை மேசையில் குப்புற வைத்தாள். "வீட்டுக்குள்ளை வெக்கையாமடி" என்றாள். "எலும்புக்குள்ளை போகும் எண்டவர். வீட்டுக்குள்ளை வெக்கையாம்." நாயைப் பற்றி அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "வாயைப் பொத்திக்கொண்டு வேலையைப் பார்" என்று கத்தினாள். அதற்குப் பிறகு கனடாப் பெட்டி வந்தால் உடைக்காமலே கோயிலுக்குக் கொடுத்துவிட்டாள்.

போன வருடம் புற்றுநோய் என்றார்கள். அப்போதும் அந்த வாய் குறையவில்லை. மருந்து ஏற்றி மயிர் கொட்டியபோது பார்க்க வந்தவள் ஒருத்தி "நல்லாய்த்தான் இருக்கிறியள்" என்றாள். "அப்ப நீரும் மொட்டை அடியுமன்" என்றாள் எமில்டா. எழும்பி இருக்கேலாமல் போன பிறகு, ஒருநாள் கஞ்சி பருக்கும்போது என் கையைப் பிடித்தாள். "எடி சைவக்காரி, கேள். நான் இருக்கும்வரைக்கும் அவை வரமாட்டினம். செத்தாப்பிறகு வருவினம். வெறுங்கையோடை வரமாட்டினம். அந்தப் போர்வையைக் கொண்டுவந்து எனக்கு மேலை விரிச்சுப் படம் எடுப்பினம். விட்டிடாதை."

"நாய் விடுமோ?" என்றேன் நான்.

கஞ்சி புரைக்கேற அவள் சிரித்தாள். நாங்கள் சேர்ந்து கடைசியாகச் சிரித்தது அப்போதுதான். சிரித்து முடிந்தும் கையை விடவில்லை. "சத்தியம் பண்ணு" என்றாள். பண்ணினேன்.

அவள் சொன்னபடியே எல்லாம் நடந்தது. அவர்கள் வரும்வரை உடலை வைத்திருந்தோம். றீற்றா பெட்டியோடு வந்து இறங்கினாள். சலவைக்குப் போட்டுப் பிளாஸ்ரிக் உறையில் இட்ட போர்வையை எடுத்துச் சவப்பெட்டிக்குள் எமில்டாவின் இடுப்பிலிருந்து கால்வரை விரித்தாள். நாய் சப்பிய மூலையை உள்ளே மடித்துச் செருகினாள். பெனடிக்ற் கைபேசியை உயர்த்திப் பிடித்து உலகம் முழுவதற்கும் காட்டிக்கொண்டிருந்தார். "மச்சாள் தன்ரை கையாலை தைச்சுத் தந்தவ. நாங்கள் இதைப் பொத்திப் பொத்தி வைச்சிருந்தம்" என்று றீற்றா கைபேசியைப் பார்த்து அழுதாள்.

பயந்தேன், உள்ளதைச் சொல்கிறேன். அந்த வீடு பெனடிக்றின் பேரில். எங்கள் தையற்கடை அந்த வீட்டின் முன்னறை. அன்றைக்கு நான் வாய் திறந்தால் நாளைக்கு என் மெசின் தெருவில். இருந்தும் எழுந்து போனேன். போர்வையின் நுனியைப் பிடித்தேன். அந்தப் பாரம் உங்களுக்குத் தெரியாது, இரண்டு கையாலும் இழுத்துத்தான் எடுக்கவேண்டியிருந்தது. கீழே எமில்டா வெறும் வெள்ளைச் சேலையோடு, அவள் கேட்டபடி கிடந்தாள்.

"என்ன செய்யிறியள் புவனம் அக்கா?" என்று கத்தினாள் றீற்றா.

"இதைத் தனக்கு மேலை போடவேண்டாம் எண்டு சொன்னவ. நாய்க்குப் போட்டதாம்."

செபம் சொல்லிக்கொண்டிருந்த கிழவிகள்கூட நிறுத்திவிட்டார்கள். தங்கச்சியின் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று பெனடிக்ற் சொன்ன ஒரே வசனத்தை நான் மறக்கமாட்டேன். பக்கத்தில் நின்றவனிடம் கைபேசியைக் கொடுத்துவிட்டு, "லைவை நிப்பாட்டு" என்றார்.

சேமக்காலையில் மண் போட்டு வந்தோம். அவர்கள் திரும்பிப் போவதற்கு முன் றீற்றா கடைக்கு வந்தாள். முன்னறையை மாத முடிவுக்குள் விடவேண்டும், வாடகைக்குக் கொடுக்கப்போகிறோம் என்றாள். சரி என்றேன். பிறகு கொஞ்சம் தயங்கினாள்.

"அந்தப் போர்வையைத் தாங்கோ. நாய் படுக்குதில்லையாம். மகள் போன் எடுத்துச் சொன்னவள்."

பிணத்தின்மேல் கிடந்ததை எங்கள் சைவப் பக்கத்தில் வாசற்படலைக்குள்ளும் எடுக்கமாட்டார்கள். இவள் நாய்க்குக் கேட்கிறாள். "நாளைக்குத் தாறன், தோய்ச்சுத் தாறன்" என்றேன். "ஓம், தோய்ச்சுத் தந்தால் நல்லது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு எமில்டாவின் சின்னக் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் போட்ட ஓட்டுத்தையலை ஒவ்வொன்றாக வெட்டினேன். அவளுடைய தையலைப் பிரிப்பது லேசில்லை, பல இடத்தில் இரண்டு தரம் கட்டிவிட்டிருந்தாள். பின்பக்கத்திலிருந்து சேலை தனியாகக் கழன்று வந்தது. மேல்பக்கத்தைத் தோய்த்து, மடித்து, உறையில் போட்டு வைத்தேன். கோட்டு, ஸ்வெற்றர், ஜீன்ஸ், பெனடிக்றின் சேட்டு, எல்லாம் அவர்களுடையது.

றீற்றா விரித்துப் புரட்டிப் பார்த்தாள். தையல் ஓரங்களும் அறுந்த நூலும் நார்நாராய்த் தொங்கின.

"இதின்ரை பின்பக்கம் எங்கை?"

"ஏழைக்குக் குடுக்கேக்கை நல்லதைக் கழட்டி வைச்சுக்கொண்டுதானே குடுக்கிறது? உங்கடை தெறியளைப் பாத்துப் பழகினதுதான்" என்றேன்.

அவளுக்கு விளங்கவில்லை. தெறி கழட்டியது அவளுக்கு நினைவே இல்லை. அதுதான் எனக்கு இன்றுவரை தாங்க முடியாமல் இருக்கிறது.

சேலையின் இரண்டு பாதியையும் திரும்ப ஒன்றாகத் தைத்தேன். தையலும் நாய் சப்பிய மூலையும் கொய்யக மடிப்புக்குள் மறைந்துவிடுகின்றன, உடுத்தால் தெரியாது. ஊசி போன ஓட்டைகள் மட்டும் வரிசை வரிசையாக இருக்கின்றன. எத்தனை தரம் தோய்த்தும் சில மஞ்சள் நாய்மயிர் போகவில்லை. அவளிடமிருந்து நான் வைத்திருப்பது இந்தச் சேலையும் அந்தச் சின்னக் கத்தரிக்கோலும்தான். மெசினைத் தூக்கிக்கொண்டு வட்டுக்கோட்டைக்கே போகிறேன். கொக்கி தைக்க இருந்தால் அங்கே கொண்டுவாருங்கள்.

முப்பத்தோராம் நாள் பூசைக்கு அந்தச் சேலையைத்தான் உடுத்துக்கொண்டு வந்தேன். நீங்களும் கண்டிருப்பீர்கள், பின்வரிசை வாங்கில் இருந்தேன். வட்டுக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் நெரிபட்டு, ஓட்டோவில் ஏறிக் கோயில் வாசலில் வந்து இறங்கினேன். இறங்கியதும் குனிந்து பார்த்தேன். எமில்டா பார்த்து வாங்கியது. ஒரு இடத்திலும் கசங்கவில்லை.